மெஷின்ஸ் சாருக்கு ஐந்துக்கு எத்தனை?

செமஸ்டர் கடைசி. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில், ஆசிரியர்களுக்கு மாணவர்கள் மார்க் போடுகிற அந்த லிங்க் வந்து விழ ஆரம்பித்திருக்கும். "இன்னும் பதினாலு பேர் ஃபீட்பேக் போடல. போடாதவங்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது." புதுச்சேரிப் பக்கம் பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற கல்லூரி என்றாலும், பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற கல்லூரி என்றாலும் கூத்து ஒன்றுதான். காலேஜ் பஸ் கிளம்புவதற்குள் ஒரு பையன் கட்டை விரலாலேயே ஐந்து, ஐந்து, ஐந்து என்று தட்டிக்கொண்டே போவான். அவன் செமஸ்டர் முழுக்கப் பார்க்காத லைப்ரரிக்கும் ஐந்து விழும். வைவாவில் தன்னை அழ வைத்தவருக்கும் ஐந்து விழும். இந்த ஐந்துகளைக் கூட்டி வகுத்து, நான்கு புள்ளி சொச்சம் என்று ஒரு எண்ணை எடுத்து, அதை வைத்து ஒரு ஆசிரியருக்கு இன்கிரிமென்ட் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

கடலூர் சாலையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஈஈஈ (எலக்ட்ரிக்கல்) துறையில் பல வருஷம் பாடம் எடுத்தவள் நான். துறையின் ஃபீட்பேக் வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விடிந்தது. பேப்பர் ஃபார்ம் காலத்திலிருந்து கூகுள் ஃபார்ம் காலம் வரை எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். இப்போது அங்கே இல்லை, அதனால் கொஞ்சம் தாராளமாகப் பேசலாம். கல்லூரிப் பெயர் மட்டும் வேண்டாம்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். வகுப்பறையில் என்ன நடந்தது என்பதற்கு மாணவனைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், நேராகத் தீர்ப்பு எழுதச் சொல்கிறோம். தீர்ப்பு கோணலாக வந்தால் "பசங்களுக்கு என்ன தெரியும்" என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து புலம்புகிறோம்.

எங்கள் துறையில் ஒருவர் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் எடுத்தார். மெஷின்ஸ் சார் என்றே வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றி ஒரே வகுப்பிலிருந்து, ஒரே செமஸ்டரில் வந்த வரிகளை நினைவிலிருந்து எழுதுகிறேன். "போர்டைப் பார்த்தே பேசுறார்." "நோட்ஸ் தரமாட்டேங்கிறார்." "ரொம்ப ஸ்லோ." "ரொம்ப வேகம்." "அஞ்சாவது யூனிட் நடத்தவே இல்ல." "மெஷின்னா என்னன்னு தெரிஞ்சதே இவராலதான்." "தேவையில்லாம கேள்வி கேட்டு அசிங்கப்படுத்துறார்." இத்தனையையும் பிசைந்து கடைசியில் மூன்று புள்ளி ஒன்று என்று வந்தது. துறையிலேயே கடைசி.

அவருடைய மெஷின்ஸ் லேபில் இரண்டாவது ஸ்டாஃப் நான். அதனால் சொல்கிறேன், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

சிங்க்ரனைசேஷன் லேப் அன்று அவரைப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டரை, அதாவது ஏசி ஜெனரேட்டரை, ஈபி சப்ளையோடு சேர்க்க வேண்டும். சுவிட்சின் குறுக்கே மூன்று ஃபேஸுக்கும் குண்டு பல்புகள், ஃபேஸுக்கு இரண்டு, சீரிஸில். ஒற்றை பல்பாகப் போட்டால் இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கிற நொடியில் ஃபேஸ் வோல்டேஜ் போல இரண்டு மடங்கு அதன் தலையில் இறங்கும், பியூஸ் போய்விடும். மூன்று ஜோடியும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தால் ஃபேஸ் சீக்வென்ஸ், அதாவது மூன்று ஃபேஸும் வருகிற வரிசை, சரி. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடினால் தப்பு, இரண்டு வயரை மாற்றிப் போட வேண்டும். ஃப்ரீக்வென்சி நெருங்க நெருங்க மினுக்கல் நிதானப்படும். மூன்றும் இருட்டாக இருக்கிற நேரத்தின் நட்டநடுவில் சுவிட்சைப் போட வேண்டும். இவ்வளவும் ரெக்கார்ட் நோட்டில் இருக்கிறது, பையன்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

அவர் சுவிட்சில் கை வைத்த பையனை நிறுத்துவார். "பல்பு அணைஞ்சிருக்கு. அப்போ வோல்டேஜ் இல்லைன்னு அர்த்தமா?"

"ஆமா சார்."

"வோல்ட்மீட்டரைப் பாரு."

சுவிட்சின் குறுக்கே மாட்டிய மீட்டரில் முள் இன்னும் எழுந்தே நிற்கும். குண்டு பல்புக்குக் கொஞ்சமாக வோல்டேஜ் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியாது. பார்க்கிறவனுக்கு இருட்டு, மெஷினுக்கு இருட்டு இல்லை. அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால் ஷாஃப்ட்டுக்கு ஒரு உதை விழும். இதைச் சொல்லாமல், பையனே கண்டுபிடிக்கிற வரைக்கும் அவர் நின்றுகொண்டிருப்பார். சுற்றி மற்ற பேட்ச் பையன்கள் மணியைப் பார்ப்பார்கள். மூன்று மணி நேர லேபில் இரண்டு பேட்ச்தான் முடிந்திருக்கும். மிச்சப் பேர் ரீடிங்கைப் பக்கத்து நோட்டிலிருந்து காப்பி அடிப்பார்கள்.

ஆகவே "ஸ்லோ" என்று எழுதியவன் காத்துக்கொண்டு நின்றவன். "அசிங்கப்படுத்துறார்" என்று எழுதியவன் சுவிட்சில் கை வைத்தவன். "மெஷின்னா என்னன்னு தெரிஞ்சது" என்று எழுதியவனும் சுவிட்சில் கை வைத்தவனாக இருக்கலாம், வேடிக்கை பார்த்தவனாகவும் இருக்கலாம். ஐந்தாவது யூனிட் நடத்தாதது அவர் குற்றம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த யூனிட்டிலிருந்து பதினாறு மார்க் கேள்வி வந்து பையன்கள் முழித்தார்கள். அவரிடமே சொல்லியிருக்கிறேன், "சார், நீங்க நல்லா நடத்துறது அவனுக்குப் பாஸ் மார்க் போடாது." அவர் சிரித்துக்கொண்டே சாக்பீஸைச் சட்டையில் துடைப்பார்.

பக்கத்து வகுப்பில் இன்னொருவருக்கு நான்கு புள்ளி ஏழு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான முறை அது: டூ மார்க் தொகுப்பு, கொஸ்டின் பேங்க், "இது கண்டிப்பா வரும், ஸ்டார் போட்டுக்கோங்க". அவரைக் கேலி செய்வது சுலபம். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, கையில் நாலு அரியர் வைத்திருக்கிற பையனிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஸ்டார் அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று. ஆனால் அடுத்த வருஷம் பவர் சிஸ்டம்ஸ் வகுப்பில் நான் போய் நிற்கும்போது எந்த செக்‌ஷன் முழிக்கும், எந்த செக்‌ஷன் வாயைத் திறக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்க விமானப்படை அகாடமியில் எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் போவான் என்பதைக் குலுக்கல் போலத்தான் முடிவு செய்கிறார்கள், எல்லா செக்‌ஷனுக்கும் ஒரே தேர்வு. அந்த வசதியை வைத்து காரெல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கால்குலஸ் முதல் பாடத்தில் மாணவர்களை நல்ல மார்க் எடுக்க வைத்த ஆசிரியர்களுக்கு ஃபீட்பேக்கும் நன்றாக வந்தது. ஆனால் அதே மாணவர்கள் அதைத் தொடர்ந்து வருகிற மேல் பாடங்களில் பின்தங்கினார்கள். முதல் பாடத்தில் அவ்வளவு மார்க் வாங்கித் தராதவர்களிடம் படித்தவர்கள் பிறகு தேறினார்கள். செமஸ்டர் கடைசியில் வாங்குகிற ஐந்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

சரி, பத்து வருஷம் கழித்துக் கேட்டால் உண்மை வருமா? செப்டம்பர் 5 ஆனால் முகநூலில் வரிசையாக வருகிறதே, "அன்று திட்டினார், இன்று புரிகிறது" என்று. அதையும் நான் முழுசாக நம்புவதில்லை. நெய்வேலியிலோ சிப்காட்டிலோ சென்னையிலோ நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பவன் எழுதுகிறான். மெஷின்ஸ் பேப்பரை ஐந்து முறை எழுதியும் தேறாமல், டிகிரியே வேண்டாம் என்று பண்ருட்டியில் மாமா கடையில் போய் உட்கார்ந்தவன் ஆசிரியர் தினத்துக்குப் பதிவு போடுவதில்லை. திட்டு எல்லோரையும் செதுக்கியது என்று யாரும் சொல்ல வேண்டாம், சிலரை உடைக்கவும் செய்தது.

பெண் ஆசிரியர்களுக்கு வருகிற வரிகள் தனி ரகம். "மேடம் குரல் கீச்சுன்னு இருக்கு." "புடவை செலக்‌ஷன் சூப்பர்." "வீட்ல சண்டை போட்டுட்டு வந்து எங்க மேல காட்டுறாங்க." மெஷின்ஸ் சார் மாற்றி மாற்றி இரண்டே சட்டையில் வருவார், அதைப் பற்றி ஒரு ஆள் ஒரு வரி எழுதியதில்லை. அவர் கத்தினால் கண்டிப்பு. நான் கத்தினால் டென்ஷன் பார்ட்டி. 2015-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு இணைய வகுப்பில் வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆசிரியரின் முகம் தெரியாத வகுப்பு. பெயரை மட்டும் ஆணாகவும் பெண்ணாகவும் மாற்றிப் போட்டார்கள். பெண் பெயர் போட்டால் மதிப்பெண் இறங்கியது. சின்ன வகுப்பில் நடந்த சோதனைதான், ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எந்த மேடமும் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது மொழி விஷயம். எங்கள் வகுப்பில் பாகூர், நெட்டப்பாக்கம், குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் பாதி. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை கான்வென்ட் பிள்ளைகள் மீதி. மெஷின்ஸ் சார் தமிழில்தான் நடத்துவார். "ஷன்ட் மோட்டரை ஸ்டார்ட் பண்றப்ப ஃபீல்ட் ரியோஸ்டாட் மினிமம், ஆர்மச்சூர் ரியோஸ்டாட் மேக்ஸிமம். மனப்பாடம் பண்ணிட்டே. ஏன்னு சொல்லு பாப்போம்." மோட்டர் இன்னும் சுற்றவே இல்லை, அதனால் கரண்ட்டை எதிர்த்து நிற்கிற பேக் ஈஎம்எஃப் கிடையாது, கரண்ட்டைத் தடுக்க ஆர்மச்சூர் பக்கம் ரெசிஸ்டன்ஸ் வேண்டும், ஃபீல்ட் பக்கம் முழு பலம் வேண்டும் என்று குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருத்தி எழுந்து தமிழில் முழுக்க விளக்குவாள். அதே பெண் இங்கிலீஷில் எடுக்கிற வகுப்பில் வருஷம் முழுக்க வாயைத் திறந்ததில்லை. ஃபார்மில் இரண்டு வரிகள் வரும்: "தமிழ்ல சொல்றதால புரியுது." "இங்கிலீஷ்ல எடுக்கச் சொல்லுங்க, பிளேஸ்மென்ட்ல கஷ்டமா இருக்கு." ஒருத்தி ஐந்து போடுவாள், இன்னொருத்தி ஒன்று போடுவாள், சராசரி மூன்று. இந்த மூன்று யாருடைய கருத்து? அந்த வகுப்பில் யாருமே மூன்று போடவில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் தமிழ் வழியைக் கொண்டுவந்தது. எங்கள் மாதிரி துறைகளில் ஆசிரியர் வாயால் நடக்கிற தமிழ் வழிதான். அதற்கு ஃபார்மில் இருக்கிற ஒரே கட்டம், "கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்: ஐந்துக்கு".

இந்த எண் வெறும் அலங்காரமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்துகிற ஏஐசிடிஇ 2019-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி ஆசிரியரை நூறு புள்ளிக்கு மதிப்பிடும்போது மாணவர் கருத்துக்கு மட்டும் 25 புள்ளி. நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் வேலை நிரந்தரம் இல்லாத சுயநிதிக் கல்லூரியில் அது எப்படி இறங்குகிறது தெரியுமா? அக்டோபர் வந்தாலே இன்டர்னல் மார்க் தாராளமாக விழும். லேட்டாக வந்தவனுக்கும் அட்டெண்டன்ஸ் கிடைக்கும். வைவாவில் பேர் கேட்டு அனுப்புவார்கள். மாணவனும் லேசுப்பட்டவன் இல்லை. ரெஜிஸ்டர் நம்பர் போட்டு லாகின் பண்ணச் சொல்லிவிட்டு "யார் போட்டதுன்னு தெரியாது" என்றால் எவன் நம்புவான்? இன்டர்னல் அவர் கையில், ஃபீட்பேக் இவன் கையில். ரெண்டு பேரும் பேசாமலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வருகிற வருஷம் என்றால் செமினார் ஹாலில் உட்கார வைத்து, சர்வேயில் என்ன போட வேண்டும் என்று வகுப்பெடுத்த இடங்களும் உண்டு.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் கேட்கிற நேரம்தான். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து "சாம்பார்ல உப்பு போதுமா" என்று கேட்கிற கதை. அந்த பேட்ச் போய்விட்டது, அந்தப் பாடம் முடிந்துவிட்டது. முதல் இன்டர்னல் முடிந்த வாரத்தில் ஒரு அரைத் தாள் கொடுத்து, பேர் எழுதாதே என்று சொல்லி, "எந்த இடத்துல விட்டுப்போச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். "பேஸர் டயக்ராம்ல லேகிங் எந்தப் பக்கம்னு இன்னும் குழப்பம்" என்று எழுதுவார்கள். அடுத்த வகுப்பில் பத்து நிமிஷ வேலை. "கடைசி பெஞ்ச்ல ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று ஒருத்தன் எழுதினான். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம், பேரிங் போயிருந்தது. அந்த ஃபேனை மாற்றிய பிறகு என் குரலைப் பற்றிய புகார் பாதியாகக் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்கு நேரத்துக்கு வந்தாரா, பேப்பரைத் திருத்தி எத்தனை நாளில் கொடுத்தார், கேள்வி கேட்டால் பதில் சொன்னாரா, சிலபஸில் எது விட்டுப்போனது, யாரையாவது சாதியையோ ஊரையோ சொல்லிக் குத்தினாரா. இதற்கெல்லாம் பத்தொன்பது வயசுப் பிள்ளை அச்சு அசலாகப் பதில் சொல்லும். கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரே ஒரு ஃபார்ம் வந்தால்கூடப் போதும், சராசரி பார்க்காமல் அன்றைக்கே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். "சப்ஜெக்ட் நாலெட்ஜ் ஐந்துக்கு எத்தனை" என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். மெஷின்ஸ் சாருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கே முழுசாகத் தெரியாது.

இந்த வாரம் லிங்க் வாங்கியிருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கீழே ஒரு கமெண்ட்ஸ் கட்டம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். "குட்" என்றோ "வொர்ஸ்ட்" என்றோ எழுதாமல் எந்த யூனிட், எந்தக் கணக்கு, எந்த லேப் என்று எழுதுங்கள். படிக்கிறவர் மனசு வைத்தால் அதை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

பழைய மாணவர்களும் சக ஆசிரியர்களும் கீழே சொல்லுங்கள். கல்லூரிப் பெயரோ ஆள் பெயரோ வேண்டாம், போட்டால் எடுத்துவிடுவேன். மெஷின்ஸ் சார் யாரென்று கண்டுபிடித்தவர்கள் இன்பாக்ஸிலும் கேட்க வேண்டாம். அவர் முகநூலில் இல்லை.