சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்

அந்த மீன்வலை ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். கலைக் கண்காட்சியில் தொங்கவிட்ட ஒரு மீன்வலைக்கு முன்னால் நின்று ஒருவர் கேலி பண்ணுகிறாரே, அந்த ரீல்தான். குடும்பக் குழுவில் வந்தது, அப்பார்ட்மென்ட் குழுவில் வந்தது, பள்ளி ஆசிரியர் குழுவில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளோடு வந்தது. "உங்க ஆளுங்க பண்ற கூத்தப் பாருங்க டீச்சர்" என்று கூடவே ஒரு குறிப்பு. பார்த்துவிட்டேன். "இதுக்கு எதுக்கு ஏசி ஹாலு? காசிமேடு போனா ஓசியிலயே பார்க்கலாமே" என்கிறார் அவர். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நல்ல டைமிங்தான், மறுக்கவில்லை.

ஆனால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அந்தச் சுவரில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கிறது. ரீலிலேயே அவர் தோளுக்கு மேலே பாதி தெரிகிறது. வலையில் அப்பியிருக்கும் சாம்பல் எண்ணூரில் அள்ளியது என்று அதில் எழுதியிருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாயில் கசிந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்ததும், இறாலும் நண்டும் குறைந்துபோனதும் வடசென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவன் தன் வீட்டு வலையையே கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறான். அட்டையில் மொத்தமே நாலு வரி. திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

என் கோபம் இவ்வளவுதான்: பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், மட்டம் என்று சொல்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் கலைஞர்கள் கையில் கிடைத்ததை அள்ளிப்போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பவர்கள் ஷீலா கௌடாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். பெங்களூர்க்காரர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர், ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர். 1992-93 மதக் கலவரங்களையொட்டிய காலத்தில் தூரிகையை விட்டுச் சாணத்தைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் புனிதம் என்று கும்பிடும் பொருள், இன்னொரு பக்கம் ஏழைப் பெண்கள் வரட்டி தட்டி அடுப்பெரிக்கும் பொருள். புனிதத்தின் பெயரால் ஊர் எரிந்த நேரத்தில் அதைக் கையில் எடுத்ததற்கு அர்த்தம் இல்லையா? (ரீல்காரருக்கு அது மட்டும் கிடைத்திருந்தால் லைக் அள்ளியிருப்பார்.)

2009இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர் வைத்தது 'பிஹோல்ட்'. கார் பம்பர்கள் சுவரில் தொங்கும். அவற்றைத் தாங்கிப் பிடிப்பது தலைமுடியில் திரித்த கயிறு, ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீளம். எல்லாம் கோயிலில் காணிக்கையாக இறக்கிய முடி. நீளமான முடி விக் செய்ய ஏற்றுமதியாகிவிடும். மிஞ்சும் குட்டை முடி கயிறாகி, கண்ணேறு படாமலிருக்க வண்டி பம்பரில் ஏறும். யாரோ ஒருத்தியின் வேண்டுதல் இன்னொருவனுடைய வண்டிக்குக் காவல். எங்கள் வீட்டில் பழனியில் மொட்டை போடாத ஆள் கிடையாது. அந்த முடி அப்புறம் எங்கே போகிறது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை, நானும்தான். அந்தக் கயிற்றைப் பற்றிப் படித்த அன்றுதான் யோசித்தேன். தத்ரூபமாக வரைந்த எந்தப் படமும் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில்லை.

திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் வேலை செய்யும் பெனிதா பெர்சியாள் சாம்பிராணியும் மசாலாப் பொருட்களும் குழைத்துச் சிற்பம் செய்கிறார். 2014 கொச்சி பியனாலேயிலும் வைத்தார். சாம்பிராணி வாசனை நமக்குப் புரியாத வெளிநாட்டுச் சமாச்சாரமா?

"அதெல்லாம் சரி டீச்சர், சாதாரண ஜனங்களுக்குப் புரியலையே" என்று வருவீர்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். எந்தச் சாதாரண ஜனங்கள்?

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். அதிகம் படித்தவரில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் கையில் சனாதனனின் 'முடிவுறாத் தோம்பு' நூலைக் கொடுத்தேன். தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவர். டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடுதான் தோம்பு. போரில் இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லி, கூடவே கட்டட வரைபடமும் தன் ஓவியமும் சேர்த்து 2011இல் அவர் கொண்டுவந்த கலைப்படைப்பு அது. 80 வீடுகள். அலங்காரம் ஒன்றும் கிடையாது, கோணல்மாணலான கோடுகள். ரீல்காரர் கையில் கொடுத்தால் "எங்க வீட்டுப் பாப்பா இதைவிட நல்லா வரையும்" என்பார், சத்தியமாக.

அந்த அம்மா நாலைந்து பக்கம் புரட்டினார். "பேனை இருக்கோ பிள்ளை?" என்றார். மளிகைச் சீட்டைத் திருப்பிப்போட்டு வரைய ஆரம்பித்தார். குசினி, விறாந்தை, பின்னால் கிணத்தடி. கிணற்றை அடித்துவிட்டு மறுபக்கம் போட்டார். "இல்லை, வேலியோடை நிண்டது முருங்கை, கிணறு இங்காலை" என்றார். கலை வரலாறு தெரியாது, பியனாலே தெரியாது. நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. ஆகவே ஜனங்களுக்குப் புரியாது என்று ஜனங்களின் தலையில் கட்டாதீர்கள். பார்க்கச் சோம்பல் உங்களுக்கு, பழி அவர்களுக்கா?

அடுத்து வாழைப்பழம் வரும். வரட்டும். 2019இல் மயாமியில் இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் ஒரு பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டிக் கலை என்றார், 2024இல் அது ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது, வாங்கினவர் தின்றும்விட்டார். தெரியும். அதை நியாயப்படுத்துவது என் வேலை இல்லை. ஒரு கோடீஸ்வரர் பழம் தின்றதற்கு எண்ணூர்த் தம்பி ஏன் பதில் சொல்ல வேண்டும்? அவன் வலைக்கு ஒருவரும் விலைகூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

"கேலி பண்ண உரிமை இல்லையா?" இருக்கிறது, பண்ணுங்கள். நான் கோபப்படவும் உரிமை இருக்கிறது.

"நீங்க மேல்தட்டுப் பார்வையில பேசுறீங்க" என்று ஏற்கெனவே ஒருவர் இன்பாக்ஸில் சொல்லிவிட்டார். ஐயா, நான் டிராயிங் டீச்சர். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார், யாரும் என்னிடம் கேட்கக்கூட மாட்டார்கள். மேல்தட்டாம்!

முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், நகரத்துக்குள்ளிருந்து கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் பெயர்ந்துபோன ஒரு பையன் "என் வீடு" என்ற தலைப்புக்குத் தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் பச்சை அடித்துக் கொண்டுவந்தான். பச்சை அடித்தது அவன் வீடு. பக்கத்தில் பழைய தெருவின் பெயரை எழுதியிருந்தான். ஆண்டுவிழாப் பலகையில் குத்தினேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள். பெற்றோர் வருகிற இடமாம், "லட்சணமா ஏதாவது போடக்கூடாதா மேடம்" என்றார்கள். அந்த இடத்தில் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு தென்னை மரம், ஒரு குடிசை வந்தது. நாம் எல்லோரும் வரைந்த அதே படம். அந்த மலையை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

அந்தப் பையன் என்னிடம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த வாரமே அவனும் மலை வரைய ஆரம்பித்துவிட்டான். நன்றாகவே வரைந்தான். எல்லோரும் பாராட்டினார்கள்.