எட்டு நிமிட வீடியோவில் இடமில்லாத வகுப்பறை

பார்த்தாச்சு. மூன்று பேர் இன்பொக்ஸில் அனுப்பி "எங்கட பள்ளிக்கூடம், கட்டாயம் பாருங்கோ" என்றபடியால் கடைசிவரை பார்த்தேன். கொழும்பு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியின் கதை, எட்டு நிமிடத்தில். 1951, பிள்ளையார் பாடசாலை, பிறகு இரத்மலானை. எல்லாம் சரி. ட்ரோன் படமும் நல்ல வடிவு. எழுபதுகளில் கதை நிற்கிறது, அடுத்த காட்சி கொம்பியூட்டர் லாப். நடுவில் ஒரு ஜூலை இருந்ததே, அது எங்கே?

எடுத்த தம்பியிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "அண்ணா, இது பொசிட்டிவ்வான வீடியோ" என்று பதில், கூடவே ஒரு சிரிப்பு ஸ்மைலி.

பொசிட்டிவ்! 1983 ஜூலையில், தமிழரை அடித்து எரித்த கலவரத்தில், அந்தப் பள்ளிக்கூடம் அகதி முகாம். இரத்மலானை இந்துவும் அப்படித்தான். வீடு எரிந்த சனம் வந்து படுத்தது லோரன்ஸ் வீதியில், அந்த வாங்குகளுக்கு நடுவில். அதை விட்டுவிட்டு எடுத்தால் அதற்குப் பெயர் கலியாண வீடியோ.

என் அம்மா அங்கே ஒன்பது நாள் இருந்தவ. தெஹிவளை வீடு போன பிறகு. திங்கட்கிழமை பிள்ளைகளைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்; அவ படுத்த வகுப்பில் ஒரு பெருக்கல் கணக்கு கரும்பலகையில் அப்படியே கிடந்ததாம். ஆட்களைத் தேடி வந்த யாரோ அதன்மேல் சோக்கால் ஒரு பெயரை எழுத, மற்றவர்களும் எழுதத் தொடங்க, கணக்கு மறைந்துவிட்டது. சின்ன மாமாவின் பெயரை எழுதினது அம்மா. எழுத்து கோணலாகப் போச்சென்று அழித்துத் திரும்பவும் எழுதினாவாம். பிறகு கப்பல், வடக்கே காங்கேசன்துறைக்கு. மாமா வரவில்லை.

திரும்பிக் கொழும்புக்கு வந்து என்னைச் சேர்த்ததும் அதே பள்ளிக்கூடத்தில்தான். பெற்றார் கூட்டத்துக்கு வந்தால் ரீச்சர் சொல்வதைக் கேட்கமாட்டா, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பா. எனக்கு வெட்கமாக இருக்கும்.

இப்போது வருவீர்கள், தெரியும். "சிங்கள ஆட்கள் காப்பாத்தினதையும் சொல்லும்." சொல்கிறேனே! அம்மாவைப் பொட்டை அழிக்கச் சொல்லி, தன் மொரிஸ் மைனரில் கொண்டுவந்து முகாமில் விட்டதே பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயாதான். அந்த மனிதருக்கும் உங்கள் எட்டு நிமிடத்தில் இடமில்லையே. "சின்னப் பிள்ளைகள் பார்ப்பினம்." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த சீமெந்து நிலத்தில் படுத்ததும் சின்னப் பிள்ளைகள்தான். "பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும்" என்ற அண்ணருக்கு: 1958 கலவரத்தில் ரோயல் கல்லூரியும் அகதி முகாம். ரோயலின் பெயர் கெட்டுப்போச்சா? "கட்டட நிதிக்கு எவ்வளவு தந்தனீர்?" கொஞ்சம்தான். ரசீது அனுப்பவா?

சரி, கோபம் வீடியோவில் மட்டும் இல்லை. வெள்ளவத்தையில் பிளட்ஸ் எழும்ப எழும்ப, அந்தக் காணியில் முதல் யார் இருந்தது என்று கேட்க ஆளில்லை. என் மகளே இன்டர்நஷனல் ஸ்கூல். அப்பம்மா சொல்வதில் பாதி அவளுக்கு விளங்காது. இந்த லட்சணத்தில் நான் ஊர்ப் பிள்ளையைக் குறை சொல்கிறேன். சொல்லத்தான் செய்வேன். அந்த ஜூலை எங்கே?

நேற்றிரவு அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். "பெயின்ட் மாத்திப்போட்டினம்" என்றா. பிறகு வாய் திறக்கவில்லை. முடிந்த பிறகும் போனைத் திருப்பித் தராமல் வைத்திருந்து கேட்டா: "இவ்வளவுதானோ தம்பி?"