முதல் வருடத்துக் கையெழுத்துகள்

புதிதாக வேலைக்குப் போன பிள்ளைகளைப் பார்த்தால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது, "டீ, பிரியாணிச் செலவைக் குறை" என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். டீ 15 ரூபாய், நாளைக்கு மூன்று, மாதம் 26 வேலை நாள்: 1,170 ரூபாய். அடியோடு நிறுத்தினாலும் அவ்வளவுதான் மிஞ்சும், கூடவே தலைவலியும் வரும். 25,000, 30,000 வாங்குகிறவர்களின் காசு போகிற வழியே வேறு. வேலைக்குச் சேர்ந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள், நீட்டிய இடத்திலெல்லாம் போட்ட நாலைந்து கையெழுத்தில் போகிறது. (இப்போதெல்லாம் கையெழுத்து என்றால் ஓடிபி. பேனா தேடும் நேரம்கூடக் கிடையாது.)

பிஎஃப்பில், அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியில் ஆரம்பிப்போம். சேரும்போது போடும் கையெழுத்தில் தப்பில்லை, வேலை மாறும்போது போடுவதுதான் வினை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,800. கம்பெனியும் 1,800 போடும். ஆனால் அதில் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும், மீதி 550தான் பிஎஃப்பில் சேரும். ஆக மாதம் 2,350, வருடம் 28,200. இரண்டு வருடம் கழித்து வேலை மாறும்போது வட்டியோடு 60,000 பக்கம் நிற்கும். அதை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டுவதுதான் ஊர் வழக்கம்.

2024-25க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி நீடித்தால், தொடாமல் விட்ட அந்த 60,000 முப்பது வருடத்தில் ஆறரை லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரிச் சிக்கலும் சேரும். தொகை 50,000ஐ எட்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். பென்ஷன் பணத்தையும் சேர்த்து உருவிவிட்டால் அதுவரை பார்த்த சர்வீஸ் போச்சு. பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பணத்தை எடுக்காமல் புது வேலைக்கு மாற்றுவதற்கு, சேரும் நாளிலேயே பழைய யுஏஎன் எண்ணை (உங்கள் பிஎஃப் அடையாள எண்) புது எச்ஆர் கையில் கொடுத்துவிடுங்கள். 12 இலக்கம், பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். கொடுக்காவிட்டால் இன்னொரு எண் உருவாகிவிடலாம், அப்புறம் இரண்டையும் இணைக்க அலைய வேண்டும். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பணம் நகராது. இரண்டு மாதம் ஆகியும் அவர்கள் போடவில்லை என்றால் பிஎஃப் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். ஆதாரில் 'கார்த்திக் எம்', மார்க் ஷீட்டில் 'எம். கார்த்திக்', பான் கார்டில் 'முருகேசன் கார்த்திக்', வங்கியில் வெறும் 'கார்த்திக்'. நமக்கு ஒரே ஆள், கணினிக்கு நாலு பேர். அவசரத்துக்குப் பணம் கேட்கும் நாளில்தான் 'பெயர் பொருந்தவில்லை' என்று விண்ணப்பம் திரும்பி வரும். ஆதாரில் இருக்கும் எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதற்கு மாற்றுங்கள். வேலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், ஏனென்றால் சில திருத்தங்களுக்குக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டியிருக்கும். விலகிப் போன ஆளுக்காக ஒப்புதல் கொடுக்க அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

அடுத்தது கிரெடிட் கார்டு. கார்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்கு அது வட்டியில்லாக் கைமாற்று. கெடுப்பது பில்லில் உள்ள 'குறைந்தபட்சத் தொகை' என்கிற வரி. பில் 40,000, குறைந்தபட்சம் 2,000 என்று வையுங்கள். 2,000 கட்டியாயிற்று, மீதி 38,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,330. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 239. இரண்டும் சேர்ந்து 1,569 மறுபடி பில்லில் ஏறும். 2,000 ரூபாய் கட்டியவருக்குக் கடன் குறைந்தது வெறும் 431 ரூபாய்.

இதுகூடச் சலுகைக் கணக்கு. நிஜத்தில் வட்டி ஓடுவது பில் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய தேதியிலிருந்து. பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றே வட்டி ஆரம்பித்துவிடும், வழக்கமாகக் கிடைக்கும் நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. மாட்டிக்கொண்டவர்கள் முதலில் அந்தக் கார்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், பால் பாக்கெட்கூட வாங்காதீர்கள். அப்புறம் வங்கியைக் கூப்பிட்டு மொத்தப் பாக்கியையும் இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் வட்டி பாதிக்கு இறங்கும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று போனில் வருவதிலும் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் ஒளிந்திருக்கும். சின்னத் தொகைதான், ஆனால் பெயருக்கு ஏற்ற பொருள் இல்லை.

பாலிசி விஷயம் கொஞ்சம் சங்கடமானது, விற்க வருவது பெரும்பாலும் பெரியப்பாவோ அத்தை மாமாவோதான். 20 வருடம், மாதம் 2,000 சொச்சம், காப்பீடு 5 லட்சம். "வரி மிச்சம்பா" என்று ஒரு கொக்கி. புதிய வரி முறையில் 2025-26லிருந்து 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை, சம்பளக்காரருக்குக் கழிவோடு 12.75 லட்சம். அந்த முறையில் பாலிசி பிரீமியத்துக்கான 80சி வரிக்கழிவும் கிடையாது. மாதம் 30,000 வாங்குகிறவருக்கு இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? பெற்றோர் உங்களை நம்பி இருந்தால் டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) ஒன்று எடுங்கள், பிரீமியம் பல மடங்கு குறைவு, காப்பீடு பல மடங்கு அதிகம். வாய் மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால், சின்னக் கழிவு போகப் பணம் திரும்பி வரும். பெரியப்பா ஒரு பொங்கல் வரைக்கும் பேசமாட்டார்.

நகைச்சீட்டு ஏன் எங்கே பார்த்தாலும் 11 மாதம் என்று யோசித்ததுண்டா? பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்து முடிக்காவிட்டால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும், அதனால்தான். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, கடையில் கட்டியதற்கு அது இல்லை. முடிவில் பணமாகவும் கேட்க முடியாது. வீட்டில் கல்யாணம் வருகிறது, நகை எடுத்தே ஆக வேண்டும் என்றால் செய்கூலி சேதாரத்தில் மிச்சமாகும், கட்டுங்கள். சேமிப்பு என்று நினைத்துக் கட்ட வேண்டாம்.

சேமிப்புக்கு ஆர்டி, அதாவது வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு போதும். சம்பளம் ஒன்றாம் தேதி என்றால் ஆர்டி பிடிக்கும் தேதியை ஐந்தாக வையுங்கள். சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் சம்பளம் தள்ளிப்போகலாம், கணக்கில் பணமில்லாமல் தவணை தவறினால் அபராதம். 2,000இல் தொடங்கினால் போதும். மூன்று மாத வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்பும் தொகை, இவ்வளவு சேரும்வரை வேறு எந்த முதலீட்டுப் பேச்சும் வேண்டாம். சேர்ந்ததை இன்னொரு வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கைப் போனில் யுபிஐயோடு இணைக்காமல் விடுங்கள்.

கடைசியாக, "மச்சான், எனக்கு சிபில் இல்ல, உன் பேர்ல போன் எடுத்துக்குறேன், மாசாமாசம் கரெக்டா குடுத்துடுறேன்." அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் தவணை தவறினால் சிபில் ஸ்கோர், அதாவது கடனைக் கட்டிய ஒழுங்குக்குக் கிடைக்கும் மதிப்பெண், விழுவது உங்களுக்கு, வசூல்காரர் போன் அடிப்பதும் உங்களுக்கு. ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான். கடன் வாங்கியவனிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை, சட்டப்படி நேரே உங்களிடமே கேட்கலாம். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகை, மூவாயிரமோ ஐந்தாயிரமோ, கையில் கொடுத்துவிடுங்கள். பெயரைக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நாலு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம், இன்றைக்கே ஒன்றை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாத கடன் ஏதாவது நின்றால், அந்தத் தளத்திலேயே மறுப்புப் பதிவு செய்யலாம்.