10 ஏக்கர் என்பது உச்சவரம்பு, ஒதுக்கீடு அல்ல

மேலே ஒருவர், "வன உரிமைச் சட்டப்படி இன்றைக்குக் காட்டை வெட்டிக் குடிசை போட்டாலும் பழங்குடிக்கு ஆளுக்கு 10 ஏக்கர் பட்டா, நாளைக்கே விற்றுவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக நிலம் பங்கிடவில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் நிலத்தைத்தான் அங்கீகரிக்கிறது. 4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர், உச்சவரம்பு மட்டுமே. ஒரு குடும்பம் அரை ஏக்கரில் ராகி விதைத்து வந்தால் அந்த அரை ஏக்கருக்குத்தான் உரிமை. பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. மணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும் (இதை யாருமே பேசுவதில்லை). பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

சரி, காகிதமே இல்லாதவர் என்ன செய்வார்? பழைய கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், சாமி கும்பிடும் இடம், ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம், எல்லாமே சான்றுதான். முதலில் விசாரிப்பது கிராம சபை. அப்புறம் கோட்ட அளவிலான குழு, கடைசியில் மாவட்டக் குழு.

பட்டா பற்றியே பேசுவதால் தேன், மூங்கில் போன்ற சிறு வன மகசூல் மீதான உரிமையும் ஊர்ப் பொது உரிமையும் மறைந்துபோகின்றன. அந்தப் பொது உரிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் பற்றி 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கு வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் அன்று காத்தது தங்கள் தெய்வமான நியமராஜாவின் மலையை. அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதாதீர்கள்.