ஆறு மாதப் பயிற்சியில் பாதிப் பார்வை திரும்புமா?

"பக்கவாதத்தில் இடது கண் பார்வை போனவர்கள் கணினியில் ஆறு மாதம் ஒளிப்புள்ளிப் பயிற்சி செய்தால் பார்வை முழுதாகத் திரும்பிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (திரையில் ஒளிப்புள்ளி தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் பயிற்சி அது). இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில், போவது இடது கண் அல்ல. மூளையின் வலப்பக்கப் பார்வைப் பகுதி அடிபட்டால் இரண்டு கண்களிலுமே இடது பாதி தெரியாது. என் அப்பாவுக்கு அப்படித்தான். எந்தக் கண்ணை மூடினாலும் இடப்பக்கம் வைத்த டம்ளர் தெரியாது, கை பட்டுக் காபி கொட்டிவிடும்.

அந்தப் பயிற்சியால் பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரியும் பரப்பு, விரிகிறது என்று 1998-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் 2005-இல் வெளியான இன்னொரு ஜெர்மன் ஆய்வில், கண் அசைகிறதா என்று விழித்திரையை நேரடியாகக் கண்காணித்தபடி சோதித்தபோது, தெரியும் பகுதியின் விளிம்பு கிட்டத்தட்ட நகரவே இல்லை. தானாகத் திரும்பும் பார்வையும் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்தான் திரும்புகிறது.

அதற்காக ஒன்றுமே செய்ய முடியாது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். தெரியாத பக்கத்துக்குக் கண்ணை வேண்டுமென்றே பெரிதாக ஓட்டித் தேடப் பழக்குகிறார்கள். பார்வைப் புலம் அப்படியே இருக்கும், தேடும் பழக்கம்தான் மாறும். அப்பாவுக்குச் செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தோம். சிவப்பு கண்ணில் படும்வரை இடப்பக்கம் போ, அப்புறம் அடுத்த வரியைப் படி. இப்போது வரி தவறாமல் படிக்கிறார். தெருவைக் கடக்க மட்டும் இன்னும் நான் கூடப் போகிறேன்.