உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

மண்மேட்டில் ஏற்றிக் குதிக்கிற பழைய பிஎம்எக்ஸ் சைக்கிளின் பிளாஸ்டிக் சக்கரத்தில் யாரோ அடித்துவைத்த பெயிண்டை எப்படி எடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வந்து விழும் பதில், "உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மேலே புதிதாக அடித்துவிடு" என்பதாகத்தான் இருக்கும். அதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த யோசனையைக் கேட்டு ஒரு ஜோடி கறுப்புச் சக்கரங்களைக் கெடுத்தவன் நான்.

இந்தச் சக்கரங்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் கோபம் புரியும். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்த பையன்கள், தங்கள் ஷ்வின் ஸ்டிங்ரே சைக்கிள்களை மண்மேட்டில் ஏற்றிக் குதிக்க ஆரம்பித்தார்கள். குதித்து இறங்கும்போது கம்பிச் சக்கரம் எட்டுப்போல வளைந்துவிடும். அதற்கு மாற்றாக மங்கூஸ் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்கிப் ஹெஸ், மோட்டோமேக் என்ற வார்ப்பு உலோகச் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அதே காலகட்டத்தில் மாநிலத்தின் வடக்கே ரெடிங் நகரத்து ஸ்கைவே நிறுவனம் கண்ணாடி இழை கலந்த நைலானில் ஐந்து ஆரக்கால்களோடு டஃப் வீல் என்ற சக்கரத்தை வார்த்தது. கம்பியும் கிடையாது, கோட்டம் எடுக்கிற வேலையும் கிடையாது. நான் இருக்கும் சாக்ரமெண்டோவிலிருந்து ரெடிங் காரில் இரண்டரை மணி நேரம். அதனால்தானோ என்னவோ, இங்கே வீட்டு வாசல் விற்பனைகளில் இந்தச் சக்கரங்கள் அவ்வப்போது தலைகாட்டுகின்றன.

கவனிக்க வேண்டியது, இதில் நிறம் மேலே பூசப்பட்டதல்ல என்பது. நைலானை உருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். பீட்ரூட்டை எங்கே நறுக்கினாலும் சிவப்பாக இருப்பதுபோல, இந்தச் சக்கரமும் உள்ளே வரை ஒரே நிறம். ஆகவே மேலே இருக்கும் பெயிண்ட் எதுவானாலும் அது பின்னால் வந்த ஒட்டு. அண்ணனிடமிருந்து தம்பிக்கு வண்டி கைமாறியபோது தம்பிக்குப் பிடித்த நிறமாக இருந்திருக்கலாம். வெயிலில் பழுத்த வெள்ளையை மறைக்க அப்பா அடித்ததாகவும் இருக்கலாம். நைலான் பெயிண்டை அவ்வளவு எளிதில் பிடித்துக்கொள்ளாது. அந்த ஒட்டைக் கழற்றினால் போதும். அடியில் சக்கரம் அப்படியே காத்திருக்கிறது.

உப்புத்தாள் அதைக் கழற்றுவதில்லை. பெயிண்டோடு சேர்த்துச் சக்கரத்தின் தோலையும் உரிக்கிறது. அச்சில் வார்த்தெடுத்த நைலானின் மேற்பரப்பில் மெல்லிய வழவழப்பான ஏடு ஒன்று உண்டு. கண்ணாடி இழைகள் அதன் அடியில் மறைந்திருக்கும். ஏடு போனதும் இழைகள் வெளியே தலைநீட்டும். என் கறுப்புச் சக்கரங்கள் முதலில் சாம்பல் பூத்தன, பிறகு கையால் தடவினால் சுனை தட்டுகிற பதத்துக்கு வந்தன. வைக்கோல் போரில் புரண்டு எழுந்ததுபோல இரண்டு நாட்கள் முழங்கை வரை அரிப்பு. அந்தத் தூள் மூக்குக்குள் எவ்வளவு போயிற்றோ. அதற்குப் பிறகு அந்தக் கறுப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை; வேறு வழியின்றி மேலே பெயிண்ட் அடித்தேன். எதை நீக்கப் புறப்பட்டேனோ அதையே பூசி முடித்தேன். மணல் வீசித் தேய்த்துத் தருகிறோம் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னார். அது உப்புத்தாளுக்கு அண்ணன்.

போன வசந்தத்தில் ஒரு வாசல் விற்பனையில் இன்னொரு ஜோடி கிடைத்தது. மேலே வெள்ளி நிறம், அது பெயர்ந்த இடங்களில் சிவப்பு, ஆரக்கால் மூலையில் ஒரு பொட்டு வெள்ளை. இந்தத் தடவை அவசரப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் உட்புறத்தில், அதாவது டயர் மறைத்துக்கொள்ளும் இடத்தில்தான் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. ஸ்கைவே சக்கரம் நைலான் என்று தெரியும். அதே வடிவில் வந்த மலிவான நகல்கள் எந்தப் பிளாஸ்டிக் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நைலான் அசிட்டோனுக்கு அசைந்துகொடுக்காது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ அதில் வெல்லப்பாகுபோல இளகிவிடும். சிலர் வெப்பக்காற்றுத் துப்பாக்கியைப் பரிந்துரைக்கிறார்கள். நைலான் உருக 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தத் துப்பாக்கி அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். உருகுவதற்கு வெகு முன்பே சக்கரம் கோணிக்கொள்ளும்.

எனக்குக் கைகொடுத்தது கார்களுக்கு ஊற்றும் பிரேக் எண்ணெய். டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 என்று வகை போட்டிருக்க வேண்டும். டாட் 5 என்பது சிலிகான்; பெயிண்டை அது சீண்டக்கூடச் செய்யாது. சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்திலிருந்து அச்சையும் பேரிங்கையும் கழற்றிவிட்டு (இல்லையென்றால் கிரீஸ் போய்விடும்), தூரிகையால் எண்ணெயைப் பூசி, சமையலறையில் பாத்திரம் மூடுகிற பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஓர் இரவு விட்டேன். காலையில் வெள்ளிப் பூச்சு பாலாடைபோலச் சுருங்கிக் கிடந்தது. காலாவதியான நூலக அட்டையால் வழித்தெடுத்தேன். மூலைகளுக்குப் பழைய பல் துலக்கி. சிவப்புக்கு மேலும் மூன்று இரவுகள் தேவைப்பட்டன. கையுறை கட்டாயம். அழுக்கு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இங்கே வீட்டு நச்சுக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் மையங்கள் இருக்கின்றன.

எண்ணெய் மெதுவாக வேலை செய்கிறது என்று சலித்து, கொட்டகை மூலையில் கிடக்கும் பழைய பெயிண்ட் நீக்கி டப்பாவைத் திறந்துவிட வேண்டாம். அவற்றில் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் 2019இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைக் கொண்ட பெயிண்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. ஒரு சைக்கிள் சக்கரத்துக்காக அந்த வினை எதற்கு?

ஐந்தாம் நாள் முன்சக்கரத்தைச் சோப்புநீரில் கழுவி வெயிலில் வைத்தேன். வெள்ளை வந்திருந்தது. முழு வெள்ளை அல்ல. பல வருடங்கள் மேலே உட்கார்ந்திருந்த சிவப்பு கொஞ்சம் நைலானுக்குள் இறங்கிவிட்டது. நைலான் சாயத்தை உறிஞ்சும்; துணிக்குச் சாயம் ஏற்றுவதுபோலவே இந்தச் சக்கரங்களுக்கும் வெந்நீரில் சாயம் ஏற்றலாம். ஆகவே என் சக்கரம் இப்போது மெல்லிய ரோஜா நிறம். இரண்டு ஆரக்கால்களில் அதிகம், மூன்றில் குறைவு.

படத்தைப் பார்த்த நண்பர்கள் வரிசையாக வைத்தியம் சொன்னார்கள். துணி வெளுக்கும் குளோரினில் ஊறப்போடு என்றார் ஒருவர்: குளோரின் நைலானை அரித்து நொறுங்கவைக்கும். பழைய கணினிகளை வெளுப்பதுபோல ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வை என்றார் இன்னொருவர்: அது ஏபிஎஸ் பெட்டிகளுக்குச் சொன்ன வைத்தியம், குதித்து இறங்கும்போது உடம்பைத் தாங்குகிற நைலானிடம் அதைப் பரிசோதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கறுப்புச் சாயத்தில் முக்கிவிடு என்பது கொஞ்சம் நியாயமான யோசனை. அதற்கு 20 அங்குலச் சக்கரம் முழுகும் பாத்திரம் வேண்டும். எங்கள் வீட்டுப் பொங்கல் அண்டாவை மனைவி தரமாட்டாள், நான் கேட்கவும் இல்லை.

ஸ்கைவே இன்றும் டஃப் வீலைப் புதிதாக வார்த்து விற்கிறதே, பளிச்சென்ற வெள்ளையில் ஒரு ஜோடி வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது கொஞ்சம் கடினம். வாங்கலாம். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் பழையதைக் கையில் எடுத்துவிட்டு, அதைப் புதியதுபோல ஆக்கியே தீருவேன் என்று தேய்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். புதியது வேண்டுமென்றால் கடையில் இருக்கிறது. கொட்டகையில் கிடைத்ததைப் போட்டு ஏன் வதைக்கிறீர்கள்?

ரோஜா நிறச் சக்கரத்தில் டயரை ஏற்றிவிட்டேன். என் பன்னிரண்டு வயது மகன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னொன்றும் இதே நிறத்தில் வருமா அப்பா?" என்றான். பின்சக்கரம் இன்னும் வெள்ளிப் பூச்சோடுதான் மாட்டியிருக்கிறது. அதற்கு அடியிலும் சிவப்புத் தெரிகிறது. சனிக்கிழமை எண்ணெய் பூசுகிறோம்.