நூறு டாலருக்கு எத்தனை ரூபாய்? வாயைத் திறக்கமாட்டார்கள்

வெளிநாடு போகிறேன், எந்தக் கார்டு நல்லது என்று பேங்கில் கேட்டுப் பாருங்கள். ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசம், பாயின்ட் இரண்டு மடங்கு, இன்சூரன்ஸ் அத்தனை லட்சம் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்கள். சரி, சிங்கப்பூரில் நூறு டாலருக்குத் தேய்த்தால் என் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் போகும் என்று கேளுங்கள். "அது நாமினல் சார்ஜ்தான் சார், அன்னைக்கு ரேட்டைப் பொறுத்தது" என்று மழுப்புவார்கள்.

என்னய்யா நாமினல்? வெளிநாட்டுச் செலவுக்கு பேங்க் தன் பங்காகச் சேர்க்கும் கூடுதல் கட்டணத்துக்கு மார்க்கப் என்று பெயர், சாதாரணக் கார்டுகள் பலவற்றில் அது 3.5 சதவீதம். அந்த மார்க்கப்புக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் 4,130 ரூபாய் கோவிந்தா. அதுவும் விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விகிதத்தில் மாற்றிக் கொடுத்த தொகைக்கு மேலே!

அப்படியானால் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கு, அதில் மார்க்கப்பே கிடையாது என்பார்கள். கிடையாதுதான், ஏனென்றால் பணம் ஏற்றும்போதே சந்தை விலையைவிடக் கூடுதலாக டாலரை விற்றுத் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பணத்தை ஊருக்கு வந்து திருப்பிக் கொடுத்தால் அதைக் குறைந்த விலைக்கு எடுப்பார்கள், அங்கேயும் ஒரு கடி. அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் கிராஸ் கரன்சி என்று இன்னொரு கட்டணம், அதுவும் பல கார்டுகளில் அதே 3.5 சதவீதத்துக்குப் பக்கத்தில். எந்தப் பக்கம் போனாலும் சுங்கச்சாவடி.

இது போதாதென்று கடையில் இருக்கும் மெஷின். சிங்கப்பூரில் ஒரு கடையில் கார்டைச் செருகினேன், திரையில் இரண்டு வரி வந்தது, மேலே சிங்கப்பூர் டாலர், கீழே இந்திய ரூபாய். நான் படித்து முடிப்பதற்குள் கவுன்ட்டரில் இருந்தவர் விரலை நீட்டி ரூபாயை அமுக்கப் போனார். "உங்க ஊர்க் காசிலேயே போட்டுடறேன், ஈஸியா இருக்கும்" என்றார். யாருக்கு ஈஸி? ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்த மெஷின்காரன், அதற்குள் அவன் லாபம். இந்தக் கொடுமையில், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் போட்டதற்கென்றே தனியாக 1 சதவீதம் பிடிக்கும் நம்மூர்க் கார்டுகளும் உண்டு. அவர் கையைத் தடுத்து டாலரை அமுக்கச் சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ஏதோ கஞ்சப்பயல் என்கிற மாதிரி. பார்க்கட்டும். நீங்களும் தடுங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை.

அதே ஊரில் ரயிலுக்கு நம் கார்டையே தட்டிவிட்டு ஏறலாம், வெளிநாட்டுக் கார்டு என்பதால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சென்ட் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். தாய்லாந்து ஏடிஎம்கள் பலவற்றிலும் ஒவ்வொரு தடவைக்கும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பார்கள், பகல் கொள்ளைதான், ஆனால் பிடிப்பதற்கு முன்னால் திரையில் தொகையைக் காட்டிச் சம்மதம் கேட்கிறான். கொள்ளைக்காரனுக்கு இருக்கும் அந்த நேர்மைகூட நம்ம பேங்குக்குக் கிடையாது. அது தன் பங்குக்குப் பிடிக்கும் ஏடிஎம் கட்டணம், மார்க்கப் எல்லாம் ஊர் திரும்பி ஸ்டேட்மென்ட்டைப் பிரித்தால்தான் தெரியும், அப்போதும் ஜிஎஸ்டி ஒரு வரியில், மார்க்கப் இன்னொரு வரியில், எது எந்தச் செலவுக்கு என்று தேடி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கிரெடிட் கார்டில் பணம் எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகக் கடன் வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டுக் கடனுக்கு முடிகிறது, கார் கடனுக்கு முடிகிறது. இந்த அட்டைக்கு மட்டும் என்ன கேடு? லவுஞ்ச் படத்தைப் போடும் அதே விளம்பரத்தில், அதே அளவு எழுத்தில், வெளிநாட்டில் நூறு ரூபாய் செலவழித்தால் உன்னிடம் நூற்றி எத்தனை பிடிப்போம் என்று போடு. அதற்கப்புறம் பாயின்ட்டைப் பற்றிப் பேசலாம்.